விளைவை அளந்த மருத்துவர்

முன்னுரை

பொன் வாங்குவோர் உரைகல்லில் உரைத்துப் பார்த்து வாங்குவர். நெல் வாங்குவோர் கையில் அள்ளிப் பதம் பார்த்து வாங்குவர். ஆனால், தன் உயிரையே மற்றொருவரிடம் ஒப்படைக்கும் நோயாளி, அவருடைய திறமையை எதனைக் கொண்டு அறிவான்? புற்றுநோய் போன்ற கொடிய நோய்க்கு ஆளாகி, கத்தியின் கீழ்த் தன் உடலைக் கிடத்துபவனுக்கு அந்தக் கத்தியைப் பிடித்த கையின் தன்மை தெரிவதில்லை. செல்வர், பேரும் புகழும் பெற்ற மருத்துவரை நாடிச் செல்வர். வறியவரோ அறநிலைய மருத்துவமனையில் எவர் கைக்கு வாய்த்தாரோ அவரிடமே தம்மை ஒப்படைப்பர். உண்மை அறியாமை இருவருக்கும் பொதுவேயாயினும், இருவர் நிலையும் ஒன்றன்று. செல்வர் பிழையான இடம் புகுந்தால் வேறிடம் செல்லலாம். வறியவர்க்கு அவ்வழி அடைபட்டுக் கிடக்கும்.

இந்த இருளை நீக்க விரும்பி, அறுவை மருத்துவத்தின் விளைவுகளை அளந்து உலகறிய வெளியிடல் வேண்டும் என்று முதன்முதலில் விடாது வற்புறுத்தியவர்களுள் தலையாயவர் எர்னஸ்ட் அமோரி காட்மன் என்னும் அமெரிக்க மருத்துவர். அவர்தம் வாழ்க்கை, உண்மைக்காகத் தம் நலத்தை இழந்த ஒருவரின் வரலாறாகும்.

பிறப்பும் கல்வியும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள பாஸ்டன் நகரம் பழம்பெருமை வாய்ந்தது. அந்நகரின் செல்வக் குடும்பங்களுள் ஒன்றில் 1869ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் காட்மன் பிறந்தார். இளமையில் அவருக்கு வேட்டையாடுவதிலும் மீன் பிடிப்பதிலும் பெருவிருப்பம் உண்டு. ஹார்வார்டுக் கல்லூரியில் பயின்று 1891ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பின்னர் அப்பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1895ஆம் ஆண்டு மருத்துவரானார்.

பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அவர் பணியேற்றார். 1846ஆம் ஆண்டு ஈதர் என்னும் மயக்க மருந்தைக் கொடுத்து நோவின்றி அறுவை செய்யலாம் என்பதை உலகிற்கு வெளிப்படையாகக் காட்டிய பெருமை அம்மருத்துவமனைக்கு உண்டு. அங்குப் பணிபுரிதலைப் பெரும்பேறாக மருத்துவர்கள் கருதினர். எனவே, காட்மனின் எதிர்காலம் ஒளி மிக்கதாய்த் தோன்றியது.

இரு நண்பர்களின் போட்டி

மாணவராய் இருந்த காலத்திலேயே காட்மனுக்கு உற்ற நண்பராய் வாய்த்தவர் ஹார்வி குஷிங். பிற்காலத்தில் மூளை அறுவை மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்பட்டவர் இவரே. அந்நாளில் நோயாளிக்கு ஈதர் கொடுக்கும் பொறுப்பு, போதிய பயிற்சியில்லா மாணவர்களிடமே விடப்பட்டிருந்தது. குஷிங் ஈதர் கொடுத்த நோயாளி ஒருவர் உயிரிழந்தார். அந்நிகழ்ச்சி அவர் உள்ளத்தை உலுக்கியது. மயக்க நிலையில் உள்ளவரை இன்னும் நன்கு காப்பது எங்ஙனம் என்று நண்பர் இருவரும் சிந்தித்தனர். யார் திறம்பட ஈதர் கொடுக்கின்றனர் என்று ஒரு விருந்தைப் பந்தயமாக வைத்துத் தமக்குள் போட்டியிட்டனர்.

போட்டி என்றால் அளவு வேண்டுமன்றோ? ஆகவே 1894ஆம் ஆண்டு முதல், அறுவை நடைபெறும்போதே நோயாளியின் நாடித் துடிப்பையும் மூச்சின் எண்ணிக்கையையும் இடைவிடாது குறித்து வைக்கும் தாளை இருவரும் வகுத்தனர். இன்று உலகெங்கும் அறுவைக் கூடங்களில் பேணப்படும் மயக்க மருந்துக் குறிப்பேட்டின் தொடக்கம் அதுவே. நண்பர்களின் விளையாட்டுப் போட்டி, எண்ணற்ற உயிர்களைக் காக்கும் வழக்கமாய் மலர்ந்தது. அளந்து பார்த்தாலன்றி எதனையும் திருத்த இயலாது என்னும் உண்மை காட்மனின் உள்ளத்தில் அன்றே வேரூன்றியது.

எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்டவுடன் அவற்றை மருத்துவத்தில் பயன்படுத்திய முன்னோடிகளுள்ளும் காட்மன் ஒருவர். பின்னர்த் தோள் மூட்டின் நோய்களை ஆராய்ந்து அத்துறையில் பெயர் பெற்றார்.

விளைவு அறியும் வேட்கை

அக்காலத்து மருத்துவமனைகள் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டன. எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை நாள் தங்கினர், எவ்வளவு பொருள் வந்தது, எவ்வளவு செலவாயிற்று என்பனவெல்லாம் அவற்றில் இருந்தன. ஆனால், வீடு திரும்பிய நோயாளி நலமுற்றானா, நோய் மீண்டதா, உழைத்து உண்ணும் வலிமை பெற்றானா என்பவை மட்டும் இல்லை. ஆலையில் ஆடை நெய்வோர் ஆடையின் தரத்தை ஆராய்கின்றனர். ஆனால், உயிர்களைக் காக்கும் இடத்தில் அவ்வாராய்ச்சி இல்லை. இதனைக் கண்டு காட்மன் வியந்தார், வருந்தினார்.

அவர் கண்ட வழி மிக எளியது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை இருத்தல் வேண்டும். நோயாளி என்ன துன்பத்தோடு வந்தார், மருத்துவர் எந்நோய் எனக் கருதினார், என்ன செய்தார் என்பவை அதில் எழுதப்பெறும். ஓராண்டு கழிந்த பின் அந்நோயாளியை மீண்டும் கண்டு, அவர் நிலை என்ன என்பதையும் எழுத வேண்டும். முற்றும் நலமுறவில்லை எனின், அதற்குரிய காரணத்தைத் தேட வேண்டும். இதற்கு அவர் முடிவான விளைவு முறை எனப் பெயரிட்டார். அறநிலைய மருத்துவமனைகளுக்குப் பொருளுதவி செய்யும் வள்ளல்கள் தங்கள் கொடை எத்தனை ஏழைகளை உண்மையில் நலப்படுத்தியது என்று கேட்டல் வேண்டும் என்பதும் அவர்தம் கொள்கை.

1910ஆம் ஆண்டு காட்மன் இங்கிலாந்து சென்றிருந்தபோது, பிலடெல்பியா நகரின் அறுவை மருத்துவர் எட்வர்டு மார்ட்டின் என்பவரோடு குதிரை வண்டியில் பயணம் செய்தார். அப்போது தம் எண்ணத்தை அவரிடம் விரித்துரைத்தார். அவ்வுரையாடல், 1913ஆம் ஆண்டு அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி என்னும் அமைப்புத் தோன்றுவதற்குத் தூண்டுதலாய் அமைந்தது. மருத்துவமனைகளின் தரத்தை வரையறுக்கும் குழுவிற்குக் காட்மனே தலைவரானார்.

மூப்பும் தகுதியும்

காட்மன் பணியாற்றிய மருத்துவமனையில், ஆண்டுகளின் எண்ணிக்கையே உயர்பதவிக்கு வழியாய் இருந்தது. முன்னே வந்தவர் முன்னே உயர்வர். அவர் கையால் நலமுற்றோர் எத்தனை பேர் என்று எவரும் கேட்பதில்லை. அம்மருத்துவமனையின் பொதுக் கூடங்களில் கிடந்தோர் பெரும்பாலும் ஏழைகள். அவர்கள் மருத்துவரைத் தேர்ந்தெடுக்க இயலாது. ஆகவே, மூப்பைத் தகுதியாகக் கொள்ளும் முறையால் விளையும் கேடு அவர்கள் தலையிலேயே விழும் என்பதைக் காட்மன் உணர்ந்தார்.

மருத்துவர்தம் விளைவுகளை ஒப்பிட்டு, அதற்கேற்பப் பொறுப்பளிக்க வேண்டும் என்று அவர் வேண்டினார். மருத்துவமனையார் இசையவில்லை. 1914ஆம் ஆண்டு காட்மன் பதவியைத் துறந்தார். துறந்தவுடனேயே, தம் அறுவைகளின் விளைவுகள் சிறந்தவை ஆதலால் தமக்குத் தலைமை அறுவை மருத்துவர் பதவி அளிக்க வேண்டும் என்று விண்ணப்பமும் அனுப்பினார்! பதவி கிடைக்காது என்பது அவர் அறியாததன்று. தம் விளைவுகள் பிறர் விளைவுகளைவிடச் சிறந்தவை அல்ல என்று மறுப்பதற்கேனும் மருத்துவமனையார் கணக்கெடுத்தாக வேண்டும் என்பதே அவர் கருத்து.

பன்னிரண்டு படுக்கைகள்

பிறர்க்கு அறம் கூறுவோர் முதலில் தாம் அவ்வழி நடத்தல் வேண்டும். காட்மன் அவ்வாறே நடந்தார். பாஸ்டனில் பிங்க்னி தெருவில் 1911ஆம் ஆண்டு அவர் தமக்கென ஒரு சிறு மருத்துவமனையை நிறுவினார். அதில் இருந்தவை பன்னிரண்டு படுக்கைகளே. ஆயினும், அது உலக மருத்துவ வரலாற்றில் பேரிடம் பெற்றது.

1911 முதல் 1916 வரை அங்கு மருத்துவம் பெற்றுச் சென்றோர் 337 பேர். அவர்களுக்குச் செய்த மருத்துவத்தில் நேர்ந்த பிழைகள் 123 என்று காட்மன் தாமே கணக்கிட்டு அச்சிட்டு வெளியிட்டார். தம் அறிக்கையை நாட்டின் பிற மருத்துவமனைகளுக்கும் அனுப்பி, அவையும் அங்ஙனம் வெளியிட முன்வருமாறு அறைகூவினார். ஒரு நோயாளிக்கு அறுவை செய்தபோது, கல்லீரலிலிருந்து பித்தம் வரும் குழாயைக் காட்மன் தவறுதலாகக் கட்டிவிட்டார், அந்நோயாளி இறந்தார். அதனையும் அவர் மறைத்தாரல்லர். பிழை தம்முடையதே என்று பலரறிய எழுதினார்.

அவர் பிழைகளை வகைப்படுத்திய முறை நுட்பம் வாய்ந்தது. கைத்திறன் குறைவால் நேர்ந்தது, தீர்ப்புத் திறன் குறைவால் நேர்ந்தது, கவனமோ கருவியோ போதாமையால் நேர்ந்தது, நோயை அறியும் திறன் குறைவால் நேர்ந்தது என்பன மருத்துவர் பக்கத்துக் குறைகள். இவற்றோடு, வெல்ல முடியாத அளவு முற்றிவிட்ட நோய், நோயாளி மருத்துவத்தை ஏற்க மறுத்தமை, எவராலும் தடுக்க இயலாத இடர் என்பவற்றையும் அவர் தனியே பிரித்து எழுதினார்.

இப்பாகுபாட்டின் அருமை புற்றுநோயில் நன்கு விளங்கும். நோய் சிறிதாய் இருக்கும்போதே வருபவருக்கு அறுவை செய்வோர் பலரைக் காப்பாற்றுவர். முற்றிய பின் வருபவருக்கு அறுவை செய்வோர், எத்துணைத் திறமை உடையவராயினும், பலரை இழப்பர். வறுமையின் காரணமாகக் காலந்தாழ்த்தி வருவோர் பலர். அத்தகைய ஏழைகளை ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனையின் இறப்புகளை மட்டும் எண்ணி, அது தாழ்ந்தது என்று முடிவு கட்டினால் அது முறையாகாது. அவ்வாறு முடிவு கட்டினால், பழிக்கு அஞ்சி மருத்துவர்கள் ஏழைகளை ஏற்கவே தயங்குவர். மறுபுறம், எல்லா இறப்புக்கும் நோயே காரணம் என்று கூறினால் மருத்துவரின் குறை மறைந்துவிடும். நோயின் பங்கு எவ்வளவு, மருத்துவரின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவதே நேர்மையான அளவை. அவ்வளவைக்குக் காட்மனின் பன்னிரண்டு படுக்கைகள் வழிகாட்டின.

பொன்முட்டைப் படம்

1915ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பாஸ்டன் மருத்துவர்களின் கூட்டம் ஒன்று காட்மன் தலைமையில் நடந்தது. நகரத் தலைவரும் அதற்கு வந்திருந்தார். கூட்ட முடிவில் காட்மன் ஒரு பெரிய கேலிப்படத்தைத் திரை நீக்கிக் காட்டினார். பாஸ்டனின் செல்வர்கள் வாழும் பகுதி, மணலில் தலையைப் புதைத்துக்கொண்ட தீக்கோழியாக அதில் வரையப்பட்டிருந்தது. அக்கோழி இடும் பொன்முட்டைகளை மருத்துவப் பேராசிரியர்கள் பொறுக்கிக்கொண்டிருந்தனர். பறவைக்கு உண்மை தெரிந்துவிட்டால் அது தொடர்ந்து முட்டையிடுமோ என்று மருத்துவமனையின் பொறுப்பாளர்களும் பல்கலைக்கழகத் தலைவரும் கவலையுறுவதாகவும் அப்படம் காட்டியது.

படத்தின் பொருள் எல்லார்க்கும் விளங்கியது, எல்லாரும் சினந்தனர். கூட்டத் தலைமைப் பதவியிலிருந்து விலகுமாறு காட்மனைப் பணித்தனர். ஹார்வார்டு மருத்துவப் பள்ளியில் அவர் வகித்த ஆசிரியப் பதவியும் போயிற்று. நண்பர் பலர் விலகினர். வருவாய் குன்றியது. உண்மையைச் சொல்லும் முறையில் காட்மன் சற்றுக் கடுமை காட்டினார் என்பாரும் உளர். ஆனால், அவர் கேட்ட கேள்விக்கு விடை கூறியவர் எவருமிலர்.

1917ஆம் ஆண்டு திசம்பர் 6ஆம் நாள் கனடா நாட்டின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்து ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர். செய்தி கேட்ட காட்மன் அங்கு விரைந்து சென்று காயமுற்றோர்க்கு மருத்துவம் செய்தார். பின்னர்ப் படையில் சேர்ந்து மருத்துவப் பணியாற்றினார். அவர்தம் சிறு மருத்துவமனை மூடப்பட்டது.

புற்றுநோய்ப் பதிவகம்

பதவியையும் பொருளையும் இழந்த காட்மன் ஊக்கத்தை இழக்கவில்லை. 1920ஆம் ஆண்டு அவர் எலும்புப் புற்றுநோய்க்கு ஒரு பதிவகத்தைத் தொடங்கினார். நியூயார்க்கின் ஜேம்ஸ் யூயிங், பால்டிமோரின் ஜோசப் பிளட்குட் என்னும் அறிஞர் இருவர் அவருக்குத் துணை நின்றனர்.

எலும்புப் புற்றுநோய் மிகவும் அரியது. ஒரு மருத்துவர் தம் வாழ்நாளில் ஒரு சிலரையே காண்பார். ஆகவே, எம்மருத்துவம் நலம் தரும் என்பதைத் தனியொருவர் அறிய இயலாது. மேலும், ஒருவர் புற்று என்று கருதுவதை மற்றொருவர் அன்று என்பார். புற்று அல்லாத கட்டிக்காகக் கையையோ காலையோ இழப்போரும் இருந்தனர். உழைத்துப் பிழைக்கும் ஏழைக்குக் கால் போனால் பிழைப்பே போயிற்று என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. நாடெங்கும் உள்ள மருத்துவர்களுக்குக் காட்மன் கடிதம் எழுதி, நோயாளிகளின் வரலாறு, எக்ஸ் கதிர்ப் படம், கட்டியின் சிறு துண்டு ஆகியவற்றை அனுப்புமாறு வேண்டினார். அவற்றை ஒருங்கு சேர்த்து ஆராய்ந்து, நோய்களுக்குத் திட்டமான பெயர்களையும் இலக்கணங்களையும் வகுத்து 1925ஆம் ஆண்டு வெளியிட்டார். எலும்புக் கட்டி அருகே எக்ஸ் கதிர்ப் படத்தில் தோன்றும் ஒரு முக்கோண அடையாளம், காட்மன் முக்கோணம் என்று இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

அமெரிக்க நாடு முழுமைக்கும் ஒரு புற்றுநோய்க்கென அமைந்த முதற் பதிவகம் இதுவே. இதன் பின் 1922ஆம் ஆண்டு அறுவை மருத்துவர் கல்லூரி, புற்றுநோய் மருத்துவத்தை ஆராயத் தனிக்குழு ஒன்றை அமைத்தது.

இறுதி நாள்கள்

காட்மன் வகுத்த கொள்கையை அறுவை மருத்துவர் கல்லூரி முழுமையாக ஏற்கவில்லை எனினும், மருத்துவமனைகளுக்குக் குறைந்த அளவான தரம் ஒன்றை விதித்தது. 1919ஆம் ஆண்டு 692 பெரிய மருத்துவமனைகளை ஆராய்ந்தபோது அத்தரத்தை எட்டியவை 89 மட்டுமே. அப்பட்டியல் வெளிப்பட்டால் பெரும் பழி வரும் என்று அஞ்சி அதனை நள்ளிரவில் தீயிலிட்டனர். தாள்கள் சாம்பலாயின, ஆனால், மருத்துவமனைகள் தம்மைத் திருத்திக்கொள்ளத் தொடங்கின.

1929ஆம் ஆண்டு, காட்மன் துறந்து வந்த மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை அவரை மீண்டும் தன் மருத்துவர் குழுவில் ஏற்றுக்கொண்டது. 1934ஆம் ஆண்டு தோள் மூட்டைப் பற்றிய தம் பெருநூலை அவர் வெளியிட்டார். அதன் முன்னுரையில் தம் வாழ்க்கையையும், ஆண்டுதோறும் தாம் ஈட்டிய வருவாயையுங்கூட ஒளிவின்றி எழுதினார்.

புற்றுநோயை ஆராய்ந்த அப்பெரியாரைப் புற்றுநோயே பற்றியது. தோலில் தோன்றும் கரும்புற்று என்னும் நோயால் 1940ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் அவர் காலமானார். மௌண்ட் ஆபர்ன் இடுகாட்டில், அவர்தம் மனைவி கேத்தரின் பௌடிச்சின் குடும்பத்தார்க்குரிய இடத்தில், பெயர் பொறித்த கல்லொன்றும் இன்றி அவர் அடக்கம் செய்யப்பட்டார். எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2014ஆம் ஆண்டில், மருத்துவ அமைப்புகள் ஒன்றுகூடி அங்கு ஒரு நினைவுக்கல்லை நாட்டின.

விதையும் விளைவும்

காட்மன் இட்ட விதை வீண் போகவில்லை. 1989ஆம் ஆண்டு அமெரிக்காவில் புற்றுநோய்க்குத் தேசியத் தரவகம் ஒன்று தொடங்கப்பட்டது. மருத்துவமனைகளின் விளைவுகளை ஒப்பிட்டு நோக்கும் ஆராய்ச்சிகள் பெருகின. கணையத்தில் அறுவை பெற்ற முதியோரைப் பற்றி 2002ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி வியப்பூட்டுவதாகும். அவ்வறுவையை மிக அரிதாகச் செய்யும் மருத்துவமனைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேர் இறந்தனர். மிகுதியாகச் செய்யும் மருத்துவமனைகளில் இறந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேரே. நோயும் ஒன்று, அறுவையும் ஒன்று, ஆயினும் புகுந்த வாயிலைப் பொறுத்து உயிர் நின்றது அல்லது நீங்கியது.

அவ்வாயில் எல்லார்க்கும் ஒருபடித்தாய்த் திறந்திருந்ததா? இல்லை. கலிபோர்னியா மாநிலத்தில் நடைபெற்று 2006ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி, கறுப்பின மக்களும், ஏழைகளுக்கான அரசு உதவி பெறுவோரும், காப்பீடு இல்லாதோரும் அனுபவம் மிக்க மருத்துவமனைகளை அடைதல் குறைவு என்று காட்டியது. நோய் மட்டுமன்றி ஏற்றத்தாழ்வும் உயிரை வாங்குகின்றது என்பது எண்களால் நிறுவப்பட்டது. எண்ணாதிருந்த காலத்தில் இவ்வநீதி இல்லாமலில்லை. கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது.

முடிவுரை

காட்மன் செல்வக் குடியிற் பிறந்தவர். புகழ் மிக்க இடத்தில் பயின்றவர். வாய் மூடி இருந்திருப்பின் உயர்பதவியும் பெரும்பொருளும் அவரைத் தேடி வந்திருக்கும். ஆயினும், நோயாளி நலமுற்றானா என்னும் ஒரு கேள்வியை அவர் விட்டாரல்லர். அக்கேள்வியைப் பிறரிடம் கேட்குமுன் தம்மிடமே கேட்டுக்கொண்டார். தம் பிழைகளைத் தாமே எண்ணி உலகிற்குக் காட்டினார்.

தன் குறையை அளந்து காண அஞ்சாதவனே அதனைத் திருத்த வல்லவன். செய்த செயல் எளியோர்க்கும் வலியோர்க்கும் ஒருபடித்தாய்ப் பயன் தந்ததா என்று ஆராய்வதே தொண்டு செய்வோர்க்கு அழகு. இவ்விரண்டையும் காட்மனின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது. மருத்துவராயினும், ஆசிரியராயினும், அரசு அலுவலராயினும், தம் பணியின் விளைவைத் தாமே நேர்மையுடன் அளந்து பார்ப்பாராயின், நாட்டில் ஏழையின் உயிரும் செல்வரின் உயிரைப் போலவே பேணப்படும்.